மாதவிடாய் வலியும் ஊசிமுனைச் சிகிச்சையும்

பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், எவரும் உரத்துப் பேசாத ஒரு நோவு மாதந்தோறும் வந்து போகின்றது. பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பெண் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். தாயார் காரணம் அறிவார். தந்தையார் அறிந்தும் அறியாதவர் போலச் செய்தித்தாளைப் புரட்டுகிறார். ஊரில் இருந்த காலத்தில் பாட்டி ஒருத்தி இருந்தாள். சுக்குக் கஷாயமோ, வெந்தயமோ, தவிட்டு ஒத்தடமோ ஏதேனும் ஒன்றைச் செய்து கொடுத்து, அருகில் அமர்ந்து வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். அந்த மருந்துகளின் ஆற்றல் எவ்வளவு என்பது வேறு செய்தி. அருகில் அமர்ந்தாளே, அது சிறிதன்று. வேற்றூர் ஒற்றையறைக் குடித்தனத்தில் அந்தப் பாட்டி இல்லை. அவள் இருந்த இடத்தில் அண்டை வீட்டாரின் அறிவுரைகள் வந்து அமர்ந்திருக்கின்றன.

அவ்வறிவுரைகளுள் நகரங்களில் இன்று அடிக்கடி காதில் விழுவது, "அக்குபங்சர் செய்து பாருங்கள்; பத்து முறை ஊசி வைத்தால் வலி பறந்துவிடும்" என்பதாகும். மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செருகிச் செய்யும் சீன வைத்தியம் அது. மாத்திரையை விழுங்க அஞ்சும் தாய்மார்க்கு இச்சொல் இனிமையாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. பேருந்திலும் மின்ரயிலிலும் போய் வரும் பொழுது உண்டு. விடுமுறை எடுக்க வேண்டிய நாள் உண்டு. ஆகவே, இச்சிகிச்சையால் வலி மெய்யாகவே தணிகின்றதா, அதனை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்பது நம் உரிமை. அக்கேள்விக்கான விடையை இவ்வுரையில் இயன்ற அளவு எளிமையாகச் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் வலியைப் பற்றிச் சில சொற்கள். கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து குருதியுடன் வெளியேறுகின்றது. உதிரும் அச்சுவரிலிருந்து புராஸ்டகிளாண்டின் எனப்படும் பொருள்கள் சுரக்கின்றன. அவை கருப்பையின் தசையை இறுகிச் சுருங்கச் செய்கின்றன. அளவுக்கு மிஞ்சிச் சுருங்கும்போது அத்தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து வலி பிறக்கின்றது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை உடன் வருவதற்கும் இப்பொருள்களே பெரும்பாலும் காரணம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஆராய்ச்சி செய்த பிக்கிள்ஸ் என்பவர், மாதவிடாய்க் கசிவிலேயே தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1957-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அதற்கு முன், "மனத்தில்தான் கோளாறு, பெண்ணாய்ப் பிறந்ததை வெறுப்பவளுக்கு இப்படி வரும்" என்று எழுதிய மருத்துவர்களும் இருந்தனர். எத்தனை பெண்கள் வலியோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தார்களோ!

1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று நிறுவினார். 1982-இல் அவருக்கும், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகிய இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் ஆகியவை மாதவிடாய் வலிக்கு ஏன் பயன்படுகின்றன என்பது இந்தக் கண்டுபிடிப்பால் விளங்கிற்று. வலியின் வேர் எதுவோ அங்கேயே அவை வேலை செய்கின்றன. ஊசிச் சிகிச்சையை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி பின்னர் எழும். அதற்காகவே இதனை இங்கு விரித்துரைத்தோம்.

மேலே கூறியது, கருப்பையில் வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் வலி. பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளில் தொடங்கி, மாதவிடாயின் முதல் இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும் இயல்புடையது அது. நோயின் விளைவாக வரும் வலி வேறு. அதனைப் பற்றி இறுதியில் கூறுவோம். ஊசிச் சிகிச்சையைக் குறித்து இங்கே நாம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகள் முதல் வகை வலியைப் பற்றியவை.

அக்குபங்சர் நம் நாட்டுக்கு வந்த வரலாறு, கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். ஜப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீனத்துக்கு உதவும்பொருட்டு 1938-ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பி வைத்தது. சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ் அவர்களுள் ஒருவர். 1942-இல் சீன மண்ணிலேயே உயிர் துறந்தார். அக்குழுவில் இருந்த மற்றொருவர் வங்காளத்து டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் பிற்காலத்தில் மீண்டும் சீனம் சென்று ஊசி வைத்தியத்தைக் கற்று, 1959-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அதனைச் செய்யத் தொடங்கினார். மேலைநாட்டாரில் பெரும்பாலோர் இவ்வைத்தியத்தைக் கேள்வியுற்றதோ, 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் தமக்கு ஊசி வைத்ததை எழுதிய பின்னரே. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் ஊசி வைத்தாகிவிட்டது!

மேற்கு வங்காளம் 1996-இல் இச்சிகிச்சைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. மராட்டிய மாநிலமும் பின்னர் அவ்வாறே செய்தது. மைய அரசு 2019-ஆம் ஆண்டில் இதனைத் தனித்ததொரு சிகிச்சை முறையாக ஏற்று ஆணை பிறப்பித்தது. இங்கு ஒன்றை நினைவில் இருத்தல் வேண்டும். ஒரு சிகிச்சையைச் செய்வோர்க்குச் சட்டம் இசைவு வழங்குவது வேறு. இன்ன நோய்க்கு அச்சிகிச்சை பயன் தரும் என்று மெய்ப்பிப்பது வேறு. பெயர்ப் பலகையில் "அரசு அங்கீகாரம்" என்று எழுதியிருப்பது முதலாவதைத்தான் சொல்கின்றது.

சீன நூல்களின் கொள்கைப்படி உடலில் உயிராற்றல் நாளங்களின் வழியே ஓடுகின்றது. அவ்வோட்டம் தடைப்படும்போதும் குளிர் சேரும்போதும் வலி தோன்றுகின்றது. ஊசி அத்தடையை நீக்குகின்றது. மாதவிடாய் வலிக்கு மிகுதியும் எடுத்தாளப்படும் இடம், காலின் உட்புறத்தில், கணுக்கால் எலும்புக்கு நான்கு விரற்கடை மேலே உள்ளது. மூன்று நாளங்கள் கூடும் இடம் என்று அதற்குச் சீனத்தில் பெயர். அறுத்துப் பார்த்த உடற்கூற்றாளர் எவரும் அந்நாளங்களைக் கண்டதில்லை. எனினும், கொள்கை பிழைபட்டிருந்தாலும் செயல் பயன் தரக்கூடும் அன்றோ? 1977-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், ஊசியால் தணிந்த வலி, அபினி வகை மருந்துகளை முறிக்கும் நாலக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தவுடன் மீண்டதாகக் கண்டார்கள். உடல் தானே சுரக்கும் வலியடக்கிப் பொருள்களை ஊசி தூண்டிவிடுகின்றது என்ற கருத்து அக்காலத்தில்தான் வலுப்பெற்றது. ஆனால் சர்க்கரை உருண்டையை மருந்தென்று நம்பி உண்டவர்க்கும் இதே சுரப்பு நிகழ்வதுண்டு. ஆகவே, "எவ்வாறு" என்னும் கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, "வலி குறைகின்றதா" என்னும் கேள்விக்கு வருவோம்.

இதனைச் சோதிப்பது எளிதெனத் தோன்றும், எளிதன்று. ஒரு மாதம் பொறுக்க முடியாத வலி வந்தவர்தான் மருத்துவரை நாடிப் போகிறார். அடுத்த மாதம் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வலி சற்றுக் குறைந்திருக்கக்கூடும். மாதவிடாய் வலியின் இயல்பே ஏறி இறங்குவதுதான். குறைந்த வலிக்குரிய புகழ் ஊசிக்குப் போய்ச் சேருகின்றது. எனவே பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை அளித்து, மற்றதற்கு அளிக்காமல், இரண்டையும் ஒப்பிட வேண்டும். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மருத்துவரின் விருப்பப்படி பிரித்தால், தேறக்கூடியவரையெல்லாம் அறியாமலேயே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார்.

இவ்வளவு செய்தும் ஒரு தொல்லை எஞ்சுகின்றது. மாத்திரையைச் சோதிக்க வேண்டுமாயின், அதே நிறத்தில் அதே வடிவில் வெற்று மாத்திரை செய்துவிடலாம். ஊசிக்கு வெற்று ஊசி எங்கே போவது? 1998-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து மருத்துவர்கள் இதற்கு ஒரு கருவியை அமைத்தார்கள். நாடக மேடையில் நடிகர் குத்திக்கொள்ளும் கத்தியைப் போல, மழுங்கிய முனையுள்ள அந்த ஊசி, தோலில் பட்டவுடன் கைப்பிடிக்குள் சென்று மறைகின்றது. படுத்திருப்பவர் குத்தப்பட்டதாகவே உணர்கிறார். ஆயினும் ஊசி வைப்பவருக்கு உண்மை தெரிந்தே இருக்கின்றது. அவர் முகமும் குரலும் அதனை வெளிப்படுத்திவிடலாம் அன்றோ? ஊசி ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவற்றைத் தொடரும் குறை இது.

இத்துறையில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹெல்ம்ஸ் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை. 43 பெண்களை நான்காகப் பிரித்து ஓராண்டு கவனித்தார். முதற் குழுவுக்கு உரிய இடங்களில் ஊசி. இரண்டாவதற்குப் பொருத்தமற்ற இடங்களில் ஊசி. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. நான்காவது குழுவினர் மருத்துவரை வந்து கண்டு பேசிச் சென்றனர், அவ்வளவே. உரிய ஊசி பெற்ற 11 பேரில் 10 பேர் தேறினர். போலி ஊசி பெற்ற 11 பேரில் 4 பேர். எதுவும் பெறாத 11 பேரில் 2 பேர். பேசிச் சென்ற 10 பேரில் ஒருவர். அந்த நான்காவது குழுவை அமைத்ததற்காகவே ஹெல்ம்ஸைப் பாராட்ட வேண்டும். மருத்துவரின் பரிவான பேச்சு மட்டுமே போதுமா என்ற ஐயத்தை நேரே எதிர்கொண்டவர் அவர். ஆனால் குழுவுக்குப் பதினொருவர் என்பது மிகச் சிறிய தொகை. இரண்டு மூன்று பேர் வேறு விதமாக விடையளித்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். இப்படிப்பட்ட சோதனையை வேறொருவர் பெரிய அளவில் செய்து பார்த்து, அதே விடையைப் பெற வேண்டும்.

பெரிய அளவிலான சோதனை ஜெர்மனியில் நிகழ்ந்தது. கிளவ்டியா விட் என்ற அம்மையாரும் உடனாய்வாளர்களும் 2008-இல் அதனை வெளியிட்டனர். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்ட 201 பெண்களில் ஒரு பகுதியினர்க்கு மூன்று மாதங்களில் 15 முறை வரை ஊசி வைத்தனர். மற்றவர் வழக்கமான வைத்தியத்தோடு காத்திருந்தனர். வலியைச் சுழி முதல் 10 வரை எண்ணால் அளந்தார்கள். மூன்று மாத முடிவில் ஊசி பெற்றவரின் சராசரி வலி 3.1, காத்திருந்தவரின் வலி 5.4. இஃது ஒரு பெண் படுக்கையில் கிடப்பதற்கும் எழுந்து நடமாடுவதற்கும் உள்ள இடைவெளியாக இருக்கக்கூடும். ஆனால் இங்கே போலி ஊசிக் குழு கிடையாது. "எனக்குச் சிகிச்சை கிடைத்தது" என்ற மகிழ்ச்சிக்கும் "எனக்குக் கிடைக்கவில்லையே" என்ற ஏமாற்றத்துக்கும் இவ்விடைவெளியில் எவ்வளவு பங்கு என்று இச்சோதனையைக் கொண்டு சொல்ல இயலாது.

ஆஸ்திரேலியாவில் கரோலின் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் 92 இளம் பெண்களை இரு சமக் குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு மெய்யான ஊசியும் மற்றதற்குப் போலிச் சிகிச்சையும் அளித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார். மெய்யூசி பெற்றவரிடம் வலி சற்றுக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் அவ்வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடியது என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இல்லை. ஒப்பிடும் குழு எதுவோ அதைப் பொறுத்து விடை மாறுவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எதுவும் செய்யாமலிருப்பதோடு ஒப்பிட்டால் ஊசி நன்றாகத் தோன்றுகின்றது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் அதன் பெருமை சுருங்குகின்றது.

தனித்தனிச் சோதனைகளை வைத்துக்கொண்டு வாதிடுவதை விடுத்து, எல்லாவற்றையும் ஒருங்கே திரட்டித் தரம் பார்த்து முடிவு கூறும் பணியைக் காக்ரேன் என்ற உலகளாவிய ஆராய்ச்சிக் கூட்டமைப்பு செய்து வருகின்றது. மாதவிடாய் வலிக்கு ஊசி வைப்பதையும் விரலால் அழுத்துவதையும் பற்றி அக்கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட தொகுப்பில் 10 சோதனைகளும் 944 பெண்களும் இடம் பெற்றிருந்தனர். "ஊசி வலியைக் குறைக்கக்கூடும், மேலும் ஆராய வேண்டும்" என்று அன்று கூறினார்கள். 2016-இல் அத்தொகுப்பைப் புதுப்பித்தார்கள். இம்முறை 42 சோதனைகள்; 4,640 பெண்கள். முடிவோ, "பயன் உண்டென்றோ இல்லையென்றோ காட்டச் சான்று போதாது" என்பது. முன்னே சொன்ன ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஸ்மித்தே இரண்டு தொகுப்புகளுக்கும் தலைமை வகித்தவர். ஊசிச் சிகிச்சையை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிடுகின்றவர், தம் முன்னைய நம்பிக்கையைத் தாமே குறைத்துக்கொண்டு எழுதினார் என்றால், அந்த நேர்மைக்கு நாம் மதிப்பளித்தாக வேண்டும்.

சான்று நான்கு மடங்கு பெருகிய பின் உறுதி ஏன் குறைந்தது? வந்து சேர்ந்த சோதனைகளின் தரமே காரணம். சீட்டுக் குலுக்கியதாகச் சொல்வார்கள், எப்படிக் குலுக்கினோம் என்று எழுதமாட்டார்கள். யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்பதை மறைத்தார்களா என்பது விளங்காது. ஊசியால் வந்த தீங்குகளைப் பல சோதனைகள் குறிக்கவே இல்லை. ஒன்றின் விடைக்கும் மற்றொன்றின் விடைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மருந்து மாத்திரைகளைவிட ஊசி மேலானது என்று காட்டிய சோதனைகளும் அத்தொகுப்பில் இருந்தன. ஆனால் தமக்கு ஊசியா மாத்திரையா என்பது அப்பெண்களுக்கு நன்றாகத் தெரியுமே! மேலும், நல்ல முடிவு வந்தால் அச்சேற்றுவதும், வராவிட்டால் பெட்டியில் பூட்டி வைப்பதும் எல்லா நாட்டு ஆராய்ச்சியிலும் உள்ள வழக்கம். 1998-இல் விக்கர்ஸ் என்பவரும் பிறரும் ஆராய்ந்தபோது, சீனாவிலிருந்து அவர்கள் திரட்டிய ஊசிச் சோதனைகளில் ஒன்றுகூடத் தோல்வியைக் காட்டவில்லை. எந்த மருத்துவமும் எப்போதும் வெல்லாது. தேர்வு எழுதிய எல்லா மாணவரும் நூற்றுக்கு நூறு பெற்றால் தேர்வு நடத்தியவரைத்தான் சற்று விசாரிக்கத் தோன்றும்.

2018-இல் கொரிய ஆராய்ச்சியாளர் 60 சோதனைகளைத் திரட்டி, ஊசியால் பயன் இருக்கக்கூடும் என்றே கூறினர். சான்றின் தரம் தாழ்ந்தது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஊசியால் பயன் மெய்ப்பிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் மாதவிடாய் வலி இடம் பெற்றிருப்பது உண்மைதான். சிகிச்சை நிலையங்களின் விளம்பரங்களில் அதனை இன்றும் காணலாம். ஆனால் அந்நூல், சோதனைகளின் தரத்தைக் கடுமையாக நிறுக்காமல் தொகுக்கப்பட்டது என்று பலராலும் குறை கூறப்பட்டது. பெரிய பெயர் அட்டையில் இருப்பதால் உள்ளேயிருக்கும் சோதனைகள் வலுப்பெற்றுவிடா.

ஆகவே நம் கருத்து இது. ஊசி வைத்துக்கொண்டவர்களில் பலர்க்கு வலி குறைகின்றது, அதில் ஐயமில்லை. அக்குறைவில் ஊசியின் முனைக்கு உரிய பங்கு எவ்வளவு, படுத்து ஓய்ந்திருந்த அரைமணிப் பொழுதுக்கும் ஒருவர் பரிவோடு கவனித்ததற்கும் உரிய பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. பாட்டி அருகில் அமர்ந்ததைச் சிறிதன்று என்று தொடக்கத்தில் கூறியது வெறும் அலங்காரத்துக்காக அன்று.

இதற்கு எதிரே மாத்திரைகளின் சான்றை வைத்துப் பார்ப்போம். அதே காக்ரேன் கூட்டமைப்பு 2015-இல் 80 சோதனைகளையும் 5,820 பெண்களையும் கொண்டு, ஐபுபுரோஃபென் வகை மருந்துகளை ஆராய்ந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 18 பேர் நல்ல நிவாரணம் பெறுவார்களாயின், மெய்யான மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 45 முதல் 53 பேர் பெறுவர் என்று அவர்கள் கணக்கிட்டனர். எல்லோர்க்கும் கேட்கும் என்று அவர்களும் சொல்லவில்லை; ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாத்திரையும் கைகொடுப்பதில்லை. வேறு வழி தேடும் பெண்களை அறியாதவர் என்று இகழ்வோர் இவ்வெண்ணை ஒருமுறை நோக்குதல் நலம்.

மாத்திரையை எப்படி உண்பது என்பதிலும் தவறு நிகழ்கின்றது. வலி முற்றிக் கண்ணீர் வரும்வரை பொறுத்திருந்து, பின்னர் ஒன்றை விழுங்குகிறார்கள். புராஸ்டகிளாண்டின் ஏற்கெனவே சுரந்து பரவிய பின் அதன் உற்பத்தியைத் தடுத்து என்ன பயன்? கசிவோ வலியோ தொடங்கும்போதே, உணவுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒழுங்காக உண்ண வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் இவ்வகை மருந்தைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. நம் நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் மெஃபெனமிக் அமிலம், அரிதாகச் சிலர்க்குக் காய்ச்சலும் தடிப்பும் உள்ளுறுப்புக் கேடும் சேர்ந்த கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்துத் தர ஆணையம் 2023-இல் எச்சரித்தது. மாத்திரை உண்ணத் தொடங்கிய சில வாரங்களுக்குள் உடலெங்கும் தடித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

செலவில்லாத இரண்டு வழிகளுக்கும் சான்று உண்டு. 2001-இல் அமெரிக்காவில் எண்பது பேர் அளவில் செய்த ஒரு சோதனையில், அடிவயிற்றில் தொடர்ந்து இளஞ்சூடு படும்படி ஒட்டிய வெப்பப் பட்டை ஐபுபுரோஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்தது. தவிட்டு ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் அதன் உறவினர்களே. இரண்டாவது, உடற்பயிற்சி. 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு 12 சோதனைகளை ஆராய்ந்து, வாரத்தில் மூன்று முறையேனும், ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம் வரை பயிற்சி செய்வது வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கலாம் என்று கூறிற்று. அச்சான்றும் உயர்ந்த தரத்தது அன்று. ஆனால் பயிற்சிக்குக் கட்டணமில்லை. பிற நன்மைகளும் உண்டு. "அந்த நாட்களில் அசையக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இவையெல்லாம் கைகொடாத பெண்ணோ, மாத்திரை ஒவ்வாத பெண்ணோ ஊசியை நாடினால் தடுக்க வேண்டியதில்லை. தக்கவர் செய்யும்போது பெருந்தீங்கு அரிது. ஜெர்மனியில் பல்வேறு நோய்களுக்காக ஊசி வைத்துக்கொண்ட 2,29,230 பேரைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கு இரத்தக் கசிவு, வலி போன்ற ஏதேனும் ஒரு பாதிப்பு நேர்ந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்த பெருந்தீங்கு இருவர்க்கு மட்டுமே. ஆனால் அங்கே ஊசி வைத்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். இங்கே போகுமுன் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்கிறார்களா? ஒருமுறை பயன்படுத்தியதை எறிகிறார்களா? ஒருவர் உடலில் பட்ட ஊசி மற்றவருக்கு வைக்கப்படுமாயின், மஞ்சள் காமாலைக் கிருமியும் அதனோடு போகும். செய்பவரின் பயிற்சி என்ன? கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருப்பின் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை முறை என்றும் மொத்தக் கட்டணம் எவ்வளவு என்றும் தொடக்கத்திலேயே கேட்பதில் வெட்கமில்லை. மூன்று மாதவிடாய்கள் கடந்தும் மாறுதல் இல்லையேல் நிறுத்திவிடலாம்.

ஊசி வைப்பவர், ஏற்கெனவே மருத்துவர் கொடுத்துவரும் மருந்தை நிறுத்தச் சொல்வாராயின் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே முறை.

இனி, நாம் முன்னர் ஒதுக்கி வைத்த இரண்டாவது வகை வலி. பல ஆண்டுகள் வலியின்றி இருந்து பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, மாதத்துக்கு மாதம் மிகும் வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் தொடரும் வலி, மலங்கழிக்கும்போதும் தாம்பத்தியத்தின்போதும் உண்டாகும் வலி, காய்ச்சலுடன் வரும் வலி, பெருக்கெடுக்கும் உதிரப்போக்கு ஆகியவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், உலகில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அதனைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகிவிடுவது எல்லா நாடுகளிலும் உள்ள துயரம். "பெண்ணென்றால் இதெல்லாம் உண்டு" என்று வீட்டார் சொல்வதும், ஊசியோ மாத்திரையோ வலியைச் சற்று மறைத்துவிடுவதும் அந்தத் தாமதத்தை நீட்டிக்கின்றன. மாத்திரையை முறையாக உண்டும் மூன்று மாதங்களில் தணியாத வலியை மகப்பேற்று மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அங்கேதான் நம்மவர்க்கு மற்றொரு தடை. சொந்த மொழியில் தாயிடமே சொல்லக் கூசும் செய்தியை, பிறமொழி பேசும் மருத்துவரிடம் எவ்வாறு சொல்வது? பள்ளியில் இந்தியும் மராட்டியும் படித்த மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். பையன் தரையைப் பார்த்தபடி, "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பான். மருத்துவர் செரிமானத்துக்கு மருந்து எழுதித் தருவார். இந்தியில் மாதவிடாயை "மாசிக் தர்ம்" என்பர், மராட்டியில் "மாசிக் பாளி", வங்காளத்தில் "மாசிக்", தெலுங்கில் "நெலசரி", கன்னடத்தில் "முட்டு", மலையாளத்தில் "ஆர்த்தவம்". இந்த ஒரு சொல் தெரிந்தாலே பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். மாதவிடாய் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒவ்வொரு நாளும் வலிக்குச் சுழி முதல் 10 வரை ஓர் எண், உண்ட மாத்திரையின் பெயர், பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமற்போன நாட்கள், ஊசி வைத்துக்கொண்டால் அதன் தேதி ஆகியவற்றை மூன்று மாதங்களுக்குக் குறித்து வையுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஜெர்மனியில் 201 பெண்களிடம் ஆராய்ச்சியாளர் கேட்டறிந்ததும் அதே சுழி முதல் பத்து வரையிலான எண்ணைத்தான்.